பெர்னாண்டோ என்பது யாருடைய பெயர்?

முதல் நாள், தூத்துக்குடி

பெரியப்பா வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டிய வம்சாவளி ஒன்று இருக்கிறது. பாட்டா தன் கைப்பட எழுதியது. அடியில் எங்கள் தலைமுறை கிளை கிளையாக விரிந்திருக்கிறது. மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரே ஒரு சொல்லில் முடிகிறது: 'கப்பித்தான்'. லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்து இந்தக் கரையில் தங்கிவிட்ட போர்த்துகீசியத் தளபதிதான் எங்கள் மூதாதை, பெர்னாண்டோ என்ற பெயர் அவர் தந்தது என்று பெரியப்பா உறுதியாக நம்புகிறார். சித்தப்பாவோ அதை ஒரேயடியாக மறுக்கிறார். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிறார். இதற்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன.

வெளியாட்களுக்கு இது வெறும் வீம்பாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. என் அத்தைக்கு 22 வயதில் ஒரு வரன் வந்தது. கடலுக்குப் போகும் குடும்பத்துப் பையன். அத்தைக்கும் அவரைப் பிடித்திருந்தது. எங்கள் பரதவ சமூகத்தில் மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று இரண்டு அடுக்கு உண்டு. மேசைக்காரர் வணிகம் செய்தவர்கள். கம்மாரக்காரர் வலை பிடித்தவர்கள். 'மேசை' என்பதே போர்த்துகீசியச் சொல்தான். கப்பித்தான் வழிவந்த மேசைக்காரர் வீட்டுப் பெண்ணை வலைகாரன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று பாட்டா சொல்லிவிட்டார். அத்தை அதற்குப் பிறகு யாரையும் மணக்கவில்லை. அந்தப் பையனின் பெயருக்குப் பின்னாலும் பெர்னாண்டோ என்றே இருந்தது.

அத்தைக்கு இப்போது 71 வயது. அவருக்காகத்தான் இந்தப் பயணம்.

காலையில் பனிமய மாதா ஆலயத்துக்குப் போனேன். 1713இல் கட்டப்பட்ட கோயில். ஆகஸ்ட் 5 திருநாள் முடிந்து கூட்டம் வடிந்திருந்தது. பீடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நான் முன்பே எழுதிக் கேட்டிருந்த பங்கு ஒன்றின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மிகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடே 19ஆம் நூற்றாண்டுடையது. எங்கள் குடும்பத்தை அதில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். பாட்டாவின் தகப்பனார் 'பர்னாந்து', அவருடைய அண்ணன் 'பெர்னாண்டோ', தங்கை 'பெர்னாண்டஸ்'. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள்! எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

இந்த ஒரு பக்கம் எனக்கு நாள் முழுவதும் வேலை வைத்தது. போர்த்துகல்லில் பெர்னாண்டோ என்பது ஒருவருக்கு இடும் பெயர். குடும்பப் பெயராக வழங்குவது பெர்னாண்டஸ். 'பெர்னாண்டோவின் மகன்' என்று பொருள். லிஸ்பன்காரர் யாராவது தன் குடும்பப் பெயரை நம் கரையில் விட்டுப் போயிருந்தால் அது பெர்னாண்டஸ் என்றுதான் இருந்திருக்க வேண்டும். பெர்னாண்டோ என்பதையே குடும்பப் பெயராகப் பெருவாரியாக வைத்திருப்பவர்கள் நம் கரைக்காரர்களும் இலங்கைக்காரர்களும்தான். பெயரின் உருவமே இந்தக் கரையில் உண்டானது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் உன் பதிவேட்டில் பெர்னாண்டஸ் என்றும் இருக்கிறதே" என்று மடக்கினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி.

இரண்டாம் நாள், புன்னைக்காயல்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கருவாட்டு வாசம். இப்போது பார்ப்பவர்களுக்கு இது ஒரு மீனவ ஊர். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரையில் போர்த்துகீசியரின் முக்கியத் தலம் இதுதான்.

நடந்ததை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். 1530களில் முத்துக்குளிக்கும் உரிமைக்காகப் பரதவருக்கும் காயல் மரைக்காயர்களுக்கும் பெரும் சண்டை மூண்டது. இரு பக்கமும் ஒரே கடலை நம்பிப் பிழைத்தவர்கள். அந்த நேரத்தில் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் பரதவத் தலைவர்களிடம், போர்த்துகீசியரிடம் போங்கள், அவர்கள் காப்பார்கள் என்று யோசனை சொன்னார். பட்டங்கட்டிகள் என்று அழைக்கப்பட்ட அந்தத் தலைவர்கள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். குரு மிகுவேல் வாஸ் அதை முன்னின்று நடத்தினார். 1536, 1537இல் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்று சொல்வார்கள். 1538இல் வேதாளையில் கோழிக்கோட்டுக் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். முத்துக்கடல் பரதவர் கைக்கு வந்தது; போர்த்துகீசியருக்கு வரியும் வந்தது.

அந்த ஜோவான் த குரூஸ் யார்? பெயரைக் கேட்டால் லிஸ்பன்காரர் என்றே தோன்றும். அவர் கோழிக்கோட்டுக்காரர். 1513இல் கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரியின் சார்பில் லிஸ்பனுக்குப் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று, 'சிலுவையின்' என்று பொருள்படும் பெயரோடு திரும்பியவர். எங்கள் கரையில் இந்தப் பெயர்களின் கதையைத் தொடங்கிவைத்தவரே நம் பக்கத்து மனிதர்தான். பாட்டாவுக்கு இது தெரிந்திருந்தால் வம்சாவளியின் உச்சியில் என்ன எழுதியிருப்பார் என்று ஆற்று முகத்துவாரத்தில் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனின் பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு கப்பல் ஆள் நூறு பேருக்கு ஞானத்தகப்பனாக நின்றால், அந்த நூறு பேருக்கும் அதே பெயர். இப்படித்தான் பெரைரா, கோஸ்தா, மச்சாடோ, கொரைரா, மிராண்டா, வாஸ், கோமஸ் எல்லாம் எங்கள் கரையில் இறங்கின. பெரைரா என்றால் பேரிக்காய் மரம். மச்சாடோ என்றால் கோடாலி. கோஸ்தா என்றால் கடற்கரை; அந்த ஒன்று மட்டும் எங்கள் மக்களுக்கு அளந்து வைத்ததுபோல் பொருந்துகிறது.

இங்கேதான் அண்டிரிக்குப் பாதிரியார் பல காலம் வாழ்ந்தார். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துகீசியர். தமிழ் படித்து, தமிழ் எழுதி, 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டவர். அச்சுக்காகப் பரதவர்கள் குருசாது என்ற போர்த்துகீசிய நாணயத்தில் 400 கொடுத்தார்கள். முத்துக்குளித்துச் சேர்த்த காசு. ஹென்றிக்கஸ் என்ற பெயரை எங்கள் மக்கள் அண்டிரிக்கு ஆக்கிக்கொண்டார்கள்; பர்னாந்து ஆனதும் அதே வாயால்தான். பெயர்கள் இரு பக்கமும் கரையேறியிருக்கின்றன. அண்டிரிக்கு என்று அழைக்கப்பட்டதால் அவர் தமிழர் வயிற்றில் பிறந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. ஜன்னல், சாவி, அலமாரி என்று தினமும் சொல்கிறோம். அதற்காக வீட்டைக் கட்டியவன் போர்த்துகீசியன் என்று ஆகிவிடுமா?

மாலையில் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர். சங்கு குளித்தவர். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அவர் அப்போது சிறுவன், அப்பாவோடு படகில் போயிருக்கிறார். குளியாளி கல்லைக் காலில் கோத்து இறங்குவாராம். மேலே படகில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் மனைவியின் அண்ணனோ தம்பியோதான்.

"சொந்தத் தம்பி கூடாதா ஐயா?" என்று கேட்டேன்.

"கூடாது தாயே. சொந்தத் தம்பிக்குச் சொத்து ஆசை வரலாம். மைத்துனனுக்கு அக்காவின் தாலி கண்முன்னே நிற்கும். கயிறு அசைந்த உடனே இழுத்துவிடுவான்."

வெகு நேரம் இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், மணப்பாடு

கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. காற்று பேச விடவில்லை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார், தமிழ் தெரியாமல், மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர்.

நான் இங்கே வந்தது குகைக்காக இல்லை. 1544இல் சவேரியார் தன் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் பல நமக்குக் கிடைத்திருக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை என்று ஊர் ஊராக நடந்துகொண்டே எழுதியவை. அவற்றில் ஒரு கப்பித்தான் வருகிறார். கொஸ்மே தெ பாயிவா. கரையில் போர்த்துகீசிய அதிகாரியாக இருந்தவர். அவர் எங்கள் மக்களை நடத்திய விதத்தைச் சவேரியார் கடுமையாகக் கண்டிக்கிறார். பாதுகாப்பு தருகிறோம் என்று வந்தவர்களின் கையால் மக்கள் பட்ட துன்பத்தை ஒரு போர்த்துகீசியப் பேரரசின் ஆதரவில் வந்த குருவே எழுதி வைத்திருக்கிறார்.

பாட்டாவின் வம்சாவளியில் உச்சியில் இருப்பவருக்குப் பெயர் இல்லை. கப்பித்தான் என்ற பதவி மட்டும்தான். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்? கப்பலில் வந்தவர்களில் தச்சர்களும் மாலுமிகளும் சிப்பாய்களுமே அதிகம். அவர்களில் யாரும் எந்தக் குடும்பத்துக்கும் மூதாதையாக ஆவதில்லை. எல்லோருக்கும் கப்பித்தான் வேண்டும். மக்களை அடித்தவனின் நாற்காலியில் நம் வீட்டு மூதாதையை உட்கார வைத்துப் பார்ப்பதில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் குன்றின் மேல் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டா உயிரோடு இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.

கலப்பே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சித்தப்பா அப்படித்தான் சொல்கிறார், அதுவும் தவறு. கோவாவில் 1510லேயே போர்த்துகீசிய ஆளுநர் அல்புகர்க் தன் ஆட்களை உள்ளூர்ப் பெண்களை மணக்கச் சொல்லி ஊக்குவித்தார். அப்படி மணந்து குடியேறியவர்களுக்குக் 'கசாடோ' என்று பெயர். புன்னைக்காயலிலும் அவர்கள் இருந்தார்கள். ஆகவே யாரோ ஒரு கசாடோவின் ரத்தம் எங்கள் குடும்பத்தில் இருக்கலாம். 1536இலிருந்து இன்றுவரை 16 தலைமுறை என்று வைத்துக்கொண்டால், அந்தத் தலைமுறையில் எனக்கு 65,536 மூதாதையர் இடங்கள். அதில் ஒரு இடத்தில் ஒருவர். மற்ற இடங்களில் வலை இழுத்தவர்களும் முத்துக்குளித்தவர்களும் உப்பு அள்ளியவர்களும்.

அப்படி ஒருவர் வந்திருந்தால் அவரை மணந்த பெண் யார்? வம்சாவளியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பாட்டியின் பெயரே இல்லை. அத்தை பெயரும் இல்லை.

நான்காம் நாள்

மதுரை வரை பஸ், அங்கிருந்து கொழும்புக்கு விமானம். முன்பு தூத்துக்குடியிலிருந்தே கொழும்புக்குக் கப்பல் ஓடியது. மணப்பாட்டுக்காரர்கள் பலர் கொழும்பில் வணிகம் செய்து சம்பாதித்துத்தான் ஊரில் மாடி வீடு கட்டினார்கள். கட்டுநாயக்காவில் இறங்கும்போது இரவு. அதிகம் எழுத ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், நீர்கொழும்பு

விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். கடைப் பலகை, வக்கீல் பலகை, பல் மருத்துவர் பலகை எங்கும் பெர்னாண்டோ. என் அடையாள அட்டையைப் பார்த்த விடுதிக்காரர் சிங்களத்தில் பேசத் தொடங்கிவிட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த திகைப்பைப் பார்த்தபோது எனக்கும் மனம் ஏதோ செய்தது.

பாட்டியின் வழியில் தூரத்து உறவு ஒருவர் இங்கே இருக்கிறார். மாமா முறை. இலங்கையில் எங்கள் மக்களைப் பரதர் என்று அழைக்கிறார்கள். 2001 குடிசன மதிப்பீட்டிலிருந்து தனி இனமாகவே குறிக்கிறார்கள். மாமா என்னை மீன் சந்தைக்கு அழைத்துப் போனார். பாய்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் என்னை அறிமுகம் செய்தார். அவரும் பெர்னாண்டோ. சிங்களம் பேசுபவர். ஆனால் அவருடைய அப்பம்மா தமிழில்தான் ஜெபமாலை சொல்வாராம். இந்தக் கரையில் இப்படிப் பல குடும்பங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் பள்ளிக்கூடமும் கோயிலும் சிங்களமாக, வீடும் சிங்களமாகிவிட்டது.

அவர் என்னிடம் ஏதோ கேட்டார். மாமா மொழிபெயர்த்தார்.

"உன்னுடைய வாசகம என்ன என்று கேட்கிறார், மகள். வீட்டுப் பெயர்."

இங்கே பெர்னாண்டோ என்று சொன்னால் போதாது. வர்ணகுலசூரிய பெர்னாண்டோவா, குருகுலசூரிய பெர்னாண்டோவா, மிகிந்துகுலசூரிய பெர்னாண்டோவா? அந்த முன்பெயர்தான் குலத்தைச் சொல்கிறது. போர்த்துகீசியப் பெயர் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது மட்டுமே. இதனால்தான் இங்கே பெர்னாண்டோக்கள் அனைவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று யாருக்கும் எண்ணம் வருவதில்லை. கீழே பழைய பெயர் அழியாமல் கிடக்கிறது.

"எனக்கு வீட்டுப் பெயர் இல்லை" என்றேன். மாமா அதை மொழிபெயர்த்தார். வலைக்காரர் என்னை நம்பாமல் பார்த்தார்.

ஆறாம் நாள், கொழும்பு

தேசியச் சுவடிக்கூடம். போர்த்துகீசியர் தொடங்கி, ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் விரிவாக எழுதி வைத்த தோம்புகளை, அதாவது நிலப் பதிவேடுகளை, பார்க்க வந்தேன். யாழ்ப்பாணத்துத் தமிழில் இன்றும் வழங்கும் சொல் தோம்பு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் 1742இல் தொடங்கி 30 வருடம் வரை எழுதப்பட்டவை. யார் வீட்டில் யார் யார், எந்தத் தோட்டத்தில் எத்தனை தென்னை, எத்தனை பலா என்று எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார்கள். வரி வாங்கத்தான். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் மனிதர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள்.

எனக்கு டச்சு தெரியாது. உடனிருந்த ஆய்வு மாணவி பொறுமையாக வாசித்துக் காட்டினார். பெர்னாண்டோ, பெரேரா, சில்வா என்று பக்கத்துக்குப் பக்கம். வேறு வேறு வீட்டுப் பெயர்களின் கீழ் அதே பெர்னாண்டோ திரும்பத் திரும்ப வந்தது. என் குடும்பத்தை இதில் தேட முடியாது; நாங்கள் அக்கரை. அது தெரிந்துதான் வந்தேன். 1560இல் போர்த்துகீசியர் மன்னாரைப் பிடித்தபோது புன்னைக்காயல் பரதவர்களில் ஒரு கூட்டத்தை அங்கே கொண்டுபோனார்கள். அப்படிப் போனவர்களில் எங்கள் ஆட்கள் இருந்தார்களா? அதற்கும் தாள் இல்லை.

ஆனால் ஒரு பக்கத்தில் மாணவி விரலை வைத்து நிறுத்தினார். ஒரு பெர்னாண்டோ. அடுத்த வரியில் அவன் மனைவி, பெயரோடு. அடுத்து மகள்கள், பெயரும் வயதுமாக. வரி வாங்க வந்த அந்நியன் அந்தப் பெண்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறான். என் பாட்டா, தன் தாயையும் மனைவியையும் மகளையும் அறிந்த மனிதர், எழுதவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து அழுதேன். மாணவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அக்காவுக்கு நன்றி.

ஏழாம் நாள், நீர்கொழும்பு, காலை

இரவு அத்தைக்குத் தொலைபேசினேன். "நமக்கு வீட்டுப் பெயர் ஏதாவது இருந்ததா அத்தை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இருந்தது. உன் பாட்டா வெளியே சொல்லக் கூடாது என்பார்" என்றார் அத்தை. "என் அம்மாவின் வீட்டைக் குளியாளி வீடு என்பார்கள். என் தாத்தா கல் கட்டி இறங்கியவர். அவருக்குக் கயிறு பிடித்தது அவர் மைத்துனர்."

பெயர்களைச் சொல்லச் சொன்னேன். அத்தை சொல்லத் தொடங்கினார். அவர் அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய சித்திகள் இருவர், குழந்தையிலேயே போய்விட்ட ஒரு தங்கை. விடுதி நோட்டின் பின்பக்கம் முழுவதும் எழுதினேன். ஐந்து பெயர்கள். ஆறாவதாக என்ன எழுத என்று அத்தை கேட்டார். அவர் பெயரை நான் முன்பே எழுதிவிட்டேன்.

பெரியப்பாவிடம் சட்டத்தைக் கழற்றி வைக்கச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மதியம் விமானம்.